சுவரில் பறந்த சைக்கிள்கள்



சென்ற குளிர்காலத்தில் எங்கள் அத்தை புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து தில்லிக்கு வந்திருந்தார். தலைநகரின் குளிர் அவருக்குப் புதிது. கம்பளிக்குள் ஒடுங்கியபடியே செங்கோட்டையையும் குதுப்மினாரையும் பார்த்து முடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் காப்பி அருந்துவதற்காக ஒரு கடைக்குள் நுழைந்தோம். பழைய வெளிநாட்டு விளம்பரப் படங்களைச் சட்டமிட்டு மாட்டி வைப்பது இக்காலத்துக் கடைகளில் ஒரு பாங்காகிவிட்டது. எங்கள் மேசைக்கு நேர் எதிரே அத்தகைய படம் ஒன்று இருந்தது. கருநீல வானம், எங்கும் விண்மீன்கள், செந்நிறக் கூந்தல் பின்னே அலைபாய, ஆடை ஏதுமின்றி ஒரு மங்கை அவ்வானில் நீந்துகிறாள். சிறகு முளைத்த சைக்கிள் ஒன்றின் கைப்பிடி அவள் கையில் இருக்கிறது. 'கிளாடியேட்டர் சைக்கிள்' என்று பிரெஞ்சு மொழியில் பொறித்திருக்கிறது.

அத்தை அதனை நெடுநேரம் பார்த்தார். அவர் முகஞ்சுளிப்பார் என்றெண்ணி, வேறு மேசைக்குப் போகலாமா என்று நாங்கள் எழுந்தோம். அவரோ அசையவில்லை. "ஏம்ப்பா, இந்தப் பொண்ணு மிதிக்கவே இல்லையே, வண்டி எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

நாளெல்லாம் ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்குவது எங்கள் தொழில். எந்த வினாவுக்கும் ஏதேனும் ஒரு சொல்லைத் தேடிப்பிடித்து வைத்துவிடுவது மொழிபெயர்ப்பாளர் வழக்கம். அன்று ஒரு சொல்லும் அகப்படவில்லை. அந்த வினாவுக்குச் சற்று விரிவாகவே விடை தேடிப் பார்த்தோம். தேடிக் கண்டதையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். படங்களைப் பற்றி வானொலியில் பேசுவது சற்று விந்தையான முயற்சிதான். எனினும், காணாத ஒன்றைச் சொல்லால் காட்டுவதும் ஒருவகை மொழிபெயர்ப்பே அன்றோ?

முதலில் வண்டியைப் பற்றி இரண்டொரு சொல். 1860களில் பாரிஸ் நகரத்துக் கருமார் மிஷோவின் பட்டறையில் முன்சக்கரத்தில் மிதியைப் பொருத்திய வண்டிகள் உருவாயின. அடுத்த பத்தாண்டில் வேகம் வேண்டி முன்சக்கரத்தை ஆளுயரத்துக்குப் பெருக்கினார்கள். அதன் உச்சியில் அமர்ந்து செல்வது வலிய இளைஞர்களுக்கே இயன்றது; சிறு கல் ஒன்று தடுக்கினால் தலைகீழாக விழவேண்டும். 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்ற வண்டியைச் செய்தார். ஏறத்தாழ ஒத்த அளவுடைய இரு சக்கரங்கள், நடுவில் மிதி, பின்சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலி என்ற அமைப்பு அதனுடையது. மூன்றாண்டுகள் கழித்து, 1888இல், பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மைந்தனின் முச்சக்கர வண்டிக்காக அமைத்துப் பார்த்த காற்றடைத்த இரப்பர் வளையத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் தெருவில் ஓடும் சைக்கிளின் உருவம் அன்றே பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டது.

விளம்பரத்தின் கதை இங்குதான் தொடங்குகிறது. வண்டியின் உருவம் நிலைபெற்றதும் எல்லாத் தொழிற்சாலைகளும் ஏறக்குறைய ஒரே வண்டியைச் செய்யத் தொடங்கின. 1890களின் நடுவே ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பிடித்தாட்டிய சைக்கிள் மோகத்தில், துப்பாக்கி செய்தவர்களும் தையற்பொறி செய்தவர்களுங்கூடச் சைக்கிள் செய்யப் புகுந்தனர். அமெரிக்காவில் நல்ல வண்டியின் விலை நூறு டாலர். ஒரு தொழிலாளிக்கு அது பல வார ஊதியம். அவ்வளவு பணம் கொடுப்பவர் இதனை விட்டு அதனை ஏன் வாங்கவேண்டும்? சக்கரமும் ஒன்று, சங்கிலியும் ஒன்று. பெயர் மட்டுமே வேறு. ஆகவே பெயரை விற்கவேண்டியதாயிற்று. பெயரை விற்பதற்குச் சுவர் தேவைப்பட்டது.

அந்தப் பெயர்களைக் கேளுங்கள். 'கிளாடியேட்டர்' என்றால் உரோமானிய அரங்கில் வாளெடுத்துப் பொருத வீரன். 'லிபரேட்டர்' என்றால் விடுதலை அளிப்பவன். 'தெயெஸ்' என்பது தேவி. 'ரேயோன் தோர்' பொற்கதிர். 'சிரியஸ்' வானத்தின் மிக ஒளிமிக்க விண்மீன். 'விக்டர்' வெற்றி பெற்றவன். 'பெர்பெக்டா' குறையற்றது. ஒரு மிதிவண்டிக்கு இத்தனை புராணமா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆயினும் நம் ஊர்ப் பேருந்துகளின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயர்களை எண்ணிப் பார்த்தால் அச்சிரிப்பு சற்று அடங்கும்.

சுவருக்கு வருவோம். 1881ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பிரான்சு நாட்டில் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் ஒன்று நிறைவேறியது. செய்தித்தாள்களுக்கு உரிமை வழங்கிய அச்சட்டமே சுவரொட்டிகளுக்கும் உரிமை வழங்கியது. எங்கெங்கு ஒட்டலாகாது என்று வரையறுத்து, ஏனைய இடங்களைத் திறந்துவிட்டது. 'இங்கு ஒட்டாதே, 1881 ஜூலை 29 சட்டம்' என்ற வாசகத்தைப் பாரிஸ் நகரத்துப் பழஞ்சுவர்களில் இன்றும் காணலாம். அரசு அலுவலகத்தில் பணிபுரிபவர்கள் என்ற முறையில், அச்சட்டத்தின் வேறொரு விதி எங்களுக்குப் பெரும் சுவை அளித்தது. வெள்ளைத்தாளில் அச்சிட்ட அறிவிப்பை அரசாங்கம் மட்டுமே ஒட்டலாம்! மற்றவர்கள் வண்ணத்தாளையோ வண்ண அச்சையோ நாடவேண்டும். தனியார் சுவரொட்டி ஒவ்வொன்றும் அதன் அளவுக்கேற்ப வரி செலுத்தி முத்திரை வில்லை பெறவேண்டும் என்ற முறையும் இருந்தது. காப்பாற்றி வைத்திருக்கும் பழைய படங்கள் சிலவற்றில், தேவியின் முழங்காலருகே அவ்வில்லை ஒட்டிக்கொண்டிருக்கக் காணலாம். வான்மகளும் வரிக்குத் தப்பவில்லை.

மொழி தெரியாத ஊரில் முதன்முதலாகக் கால்வைத்த நேயர்களுக்குச் சுவரொட்டியின் ஆற்றலை விளக்கவேண்டியதில்லை. தில்லிக்கோ கல்கத்தாவுக்கோ வந்து இறங்கிய முதல் மாதத்தில், எழுத்து ஒன்றும் புரியாமல், படத்தை மட்டும் கொண்டு இது திரைப்படம், இது தலைவலி மாத்திரை, இது தேர்தல் என்று நாம் எல்லோரும் படித்தறிந்தவர்கள்தாமே! பாரிஸ் நகரத்துக்கும் அன்று பல திசைகளிலிருந்து மக்கள் வந்து குவிந்துகொண்டிருந்தனர். அவர்களுடைய கண்ணுக்குத் தெருவே பாடப்புத்தகமாக இருந்தது. அப்பாடப்புத்தகத்தை வரைந்தோரிலும் வந்தேறியோர் உண்டு. 'பால்' என்று கையொப்பமிட்ட பாலெயோலோக் ருமேனிய நாட்டவர். அல்போன்ஸ் மூகா மொராவிய நாட்டுச் செக் இனத்தவர். 1887இல் பாரிசுக்கு வந்து, பல ஆண்டுகள் புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் படம் வரைந்து காலந்தள்ளியவர். சாரா பெர்னார் என்ற புகழ்பெற்ற நடிகையின் நாடகத்துக்காக 1894ஆம் ஆண்டு இறுதியில் வரைந்த சுவரொட்டியினால் ஒரேயடியாகப் பெயர்பெற்றார்.

இப்படங்கள் யாவும் கல்லிலிருந்து பிறந்தவை. ஆலோய்ஸ் செனபெல்டர் என்ற ஜெர்மானியர் தம் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழிதேடி, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இம்முறையைக் கண்டறிந்தார். பவேரியாவின் சோல்ன்ஹோபன் ஊரில் கிடைக்கும் வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள கோலால் படம் வரைவார்கள். கல்லை நீரால் நனைத்துப் பிறகு மையுருளையை ஓட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். பசையுள்ள கோடுகள் மையைப் பற்றிக்கொள்ளும். செதுக்குதல் இல்லை, அறுத்தல் இல்லை. ஓவியனின் கையசைவு அப்படியே தாளில் இறங்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று அதே தாள் மீண்டும் மீண்டும் பொறிக்குள் சென்று வரவேண்டும். மயிரிழை விலகினாலும் மங்கையின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். இலண்டனில் பல ஆண்டுகள் தங்கி வண்ண அச்சைப் பயின்ற ஜூல் ஷெரே, 1866இல் பாரிசுக்குத் திரும்பி, பெரிய அளவுச் சுவரொட்டிகளை மலிவாக அச்சிடும் வழியை வகுத்தார். பிரெஞ்சு அரசு 1890இல் அவருக்கு உயர் விருது அளித்துச் சிறப்பித்தது. சுவரில் ஒட்டும் தாளைக் கலையென்று அரசே ஏற்றுக்கொண்டதற்கு அது ஓர் அடையாளம்.

இக்கல்லச்சு நமக்கு அயலானதன்று. இரவிவர்மா 1894இல் அன்றைய பம்பாயில் அச்சகம் நிறுவியபோது ஜெர்மானியப் பொறிகளையும் ஜெர்மானிய வல்லுநர்களையுமே வரவழைத்தார். பின்னர் அவ்வச்சகம் லோனாவாலாவுக்கு அருகிலுள்ள மலவலிக்கு இடம்பெயர்ந்தது. புனேக்கு இரயிலில் செல்லும் மும்பை நேயர்கள் அந்நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். நம் பாட்டிமார் பூசையறையில் வைத்து வணங்கிய தாமரைமேல் நின்ற திருமகளும், பாரிஸ் தெருவில் சைக்கிளோடு பறந்த மங்கையும் அதே பத்தாண்டில், அதே முறையில், கல்லிலிருந்து எழுந்தவர்கள்.

இனி அத்தையின் வினாவுக்கு நெருங்கலாம். கிளாடியேட்டர் படத்தை வரைந்தவர் மசியாஸ். காலம் 1895ஐ ஒட்டியது. அதில் சைக்கிளாவது முழுமையாகத் தெரிகிறது. மூகா வரைந்த 'பெர்பெக்டா' விளம்பரத்தில் கூந்தலே கடலலைபோல் படத்தை நிறைக்கிறது; வண்டியில் கைப்பிடியும் அதனை ஒட்டிய சிறு பகுதியுமே காணக் கிடைக்கின்றன. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் 'வேவர்லி' வண்டிக்காக 1898இல் அவர் வரைந்த படத்திலும் அதே நிலைதான். பட்டறைக்கல்லின்மீது சாய்ந்து, கையில் வாகைக்கிளை ஏந்திய ஒருத்தி நம்மைப் பார்க்கிறாள். சைக்கிள் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது. பால் வரைந்த 'லிபரேட்டர்' விளம்பரத்தில் கேடயம் தாங்கிய பண்டைப் போர்மங்கை ஒருத்தி வண்டியருகே நிற்கிறாள். 'தெயெஸ்' வண்டிக்கு அவர் வரைந்ததோ சிறகுடைய தேவி. 1899இல் ஆன்றி கிரே 'சிரியஸ்' சைக்கிளுக்காக வரைந்தவளும் விண்மீன்களுக்கிடையே ஆடையின்றித் திரிபவளே.

இவை அழகற்றவை என்று எவரும் சொல்லார். வண்ணத்திலும் கோட்டிலும் இவற்றுக்கு நிகரானவை அரிது. ஆயினும் விற்கவேண்டிய பொருளை மறைத்து, அதற்கு வேண்டிய உழைப்பை அறவே நீக்கி, பறத்தலை மட்டும் காட்டுகின்றன. வியர்வை இல்லை, புழுதி இல்லை, மேடு இல்லை, நாய் துரத்துவதில்லை. வண்டிகளுக்குள் வேற்றுமை இல்லாதபோது வேறெதைத்தான் காட்டுவது என்று தொழிலதிபர் சார்பில் வாதிடலாம். அவ்வாதத்தில் நேர்மை உண்டு. எனினும் அத்தை மிகச் சரியாகவே கண்டுகொண்டார்: அப்பெண் மிதிக்கவில்லை.

வண்டியையும் வண்டியோட்டியையும் உள்ளபடி பார்த்த ஓவியர் ஒருவர் பாரிசில் இருந்தார். அவர் துலூஸ் லோத்ரெக். உயர்குடியில் பிறந்தவர். சிறுவயதில் ஒன்றன்பின் ஒன்றாக இரு தொடையெலும்புகளும் முறிந்து, அதன்பின் கால்கள் வளராமலே நின்றுபோனவர். அவருடைய நண்பரும் எழுத்தாளருமான திரிஸ்தான் பெர்னார், 'பபலோ' என்ற சைக்கிள் பந்தய அரங்கின் நிருவாகியாக இருந்தார். கோல் ஊன்றி நடந்த அவ்வோவியர் பந்தய அரங்குக்கு அடிக்கடி சென்று, வீரர்கள் தொடைகளை உருவிக்கொள்வதையும், பயிற்சியாளர்கள் பையோடு காத்திருப்பதையும், வெற்றுப்பாதை வளைந்து செல்வதையும் உற்றுப் பார்த்தார்.

அப்போது சிம்ப்சன் என்ற ஆங்கிலேயர் முக்கோணக் கண்ணிகளால் ஆன புதுவகைச் சங்கிலி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அதனால் வண்டியின் வேகம் மிகும் என்பது அவர் கூற்று. அதனை மெய்ப்பிக்க 1896ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டனையடுத்த கேட்போர்டில் பந்தயங்கள் நடத்தினார். பிரான்சில் அவருடைய முகவராயிருந்த பூக்ளே, லோத்ரெக்கை அங்கு அழைத்துச் சென்று விளம்பரம் வரையச் சொன்னார். வேல்ஸ் நாட்டுச் சிற்றுருவ வீரர் ஜிம்மி மைக்கேல், வழக்கம்போல் பற்குச்சியை வாயில் கடித்தபடி குனிந்து வண்டியோட்டும் காட்சியை ஓவியர் வரைந்தார். பொறியின் உறுப்பைப் பிழையாக வரைந்துவிட்டார் என்று சொல்லி அதனை மறுத்துவிட்டார்கள். லோத்ரெக் தம் சொந்தச் செலவில் அதனை இருநூறு படிகள் அச்சிட்டுக்கொண்டார். இரண்டாவதாக வரைந்து கொடுத்ததுதான் 'சிம்ப்சன் சங்கிலி' என்று இன்று உலகம் போற்றும் சுவரொட்டி. கான்ஸ்டன்ட் உரே என்ற பிரெஞ்சு வீரர் முன்னே செல்பவர்களின் பின்னால் விரைந்து மிதிக்கிறார். அரங்கின் நடுவே சிம்ப்சனும் பூக்ளேயும் செல்வச் செழிப்போடு நிற்கிறார்கள்.

இக்கதையில் ஒரு முரண் உண்டு. சங்கிலியின் வடிவத்தை மாற்றுவதால் மிதிப்பவரின் ஆற்றல் பெருகாது என்பது இயற்பியல். கேட்போர்டில் வென்றவை சிம்ப்சன் அமர்த்தியிருந்த சிறந்த வீரர்களின் கால்களே, சங்கிலியன்று. சில ஆண்டுகளில் அச்சங்கிலி மறைந்தொழிந்தது. பிழையாக வரைந்ததென்று தள்ளிய படமும் ஏற்றுக்கொண்ட படமும் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. தம்மால் ஏறியோட்ட இயலாத வண்டியை, மிதிப்பதன் வருத்தம் முழுவதும் தோன்றும்படி வரைந்தவர் அவர் ஒருவரே என்பது நம் கருத்து.

அமெரிக்கச் சுவரொட்டிகள் வேறுவகை. அங்கு கொலம்பியா வண்டிகளைச் செய்த போப் நிறுவனம் 1896இல் சுவரொட்டிப் போட்டி ஒன்று வைத்தது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற மாக்ஸ்பீல்ட் பாரிஷ் அதில் பரிசு வென்றார். வில் பிராட்லி 'விக்டர்' வண்டிகளுக்குக் கொடியும் இலையும் பின்னிய படங்களை வரைந்தார். எட்வர்ட் பென்பீல்ட் 1896இல் வரைந்த விளம்பரத்தின் வாசகத்தை நாங்கள் இப்படித் தமிழாக்குவோம்: 'ஸ்டேர்ன்ஸ் ஏறுக; நிறைவு பெறுக.' அதில் ஆடையணிந்த ஒரு பெண் வண்டியின்மீது அமர்ந்து தானே ஓட்டிச் செல்கிறாள். சிறகு இல்லை, விண்மீன் இல்லை. அத்தையிடம் காட்டியிருந்தால் குறை சொல்லியிருக்கமாட்டார்.

சுவரில் பெண் இவ்வாறெல்லாம் பறந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், தெருவில் அவளுடைய நிலை யாது? நீண்ட பாவாடை சக்கரத்தில் சிக்கும். ஆகவே கால்சட்டை போன்ற தளர்ந்த உடையைச் சிலர் அணிந்தனர். உடனே கூக்குரல் எழுந்தது. சைக்கிள் ஓட்டும் பெண்ணின் முகம் கோணிப்போகும் என்று மருத்துவர்களே எழுதினார்கள்; 'சைக்கிள் முகம்' என்று அந்நோய்க்குப் பெயரும் வைத்தார்கள். 1898ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் சர்ரி வட்டாரத்தில் ஆர்பர்டன் சீமாட்டி அத்தகைய உடையில் சைக்கிளில் சென்று, விடுதி ஒன்றில் உணவு கேட்டார். பெண்கள் அமரும் காப்பியறையில் இடந்தர விடுதியின் தலைவி மறுத்து, குடிப்போர் கூடும் பகுதியைக் காட்டினார். சைக்கிள் பயணிகள் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1899இல் தீர்ப்பு விடுதிக்கே சாதகமாயிற்று.

பிரான்சிலோ, பாரிஸ் நகரப் பெண்கள் இசைவாணையின்றிக் கால்சட்டை அணியலாகாது என்று 1800ஆம் ஆண்டிலேயே ஓர் உத்தரவு இருந்தது. 1892இலும் 1909இலும் சுற்றறிக்கைகள் வந்து சிறிது தளர்த்தின. கையில் குதிரையின் கடிவாளமோ சைக்கிளின் கைப்பிடியோ இருந்தால் அணியலாமாம்! கைப்பிடியை விட்டால் குற்றம். அவ்வுத்தரவு செல்லாது என்று அமைச்சர் ஒருவர் எழுத்து மூலம் உறுதிசெய்தது 2013ஆம் ஆண்டில்தான். கோப்புகளுக்குள் எவ்வளவு காலம் ஓர் உத்தரவு உறங்கக்கூடும் என்பதை அறிந்த எங்களுக்கே அது வியப்பாயிருந்தது. ஆக, பாரிஸ் சுவரில் துணியே இல்லாமல் ஒருத்தி சைக்கிளோடு போகலாம். அச்சுவரைக் கடந்து செல்லும் பெண் எத்தகைய துணி உடுத்தலாம் என்பதற்கு மட்டும் சுற்றறிக்கை வேண்டும்.

தாமே விளம்பரமாக மாறிப் புறப்பட்ட பெண்மணி ஒருவரும் உண்டு. இலாட்வியாவில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குடியேறிய ஆனி கொப்சோவ்ஸ்கி, மூன்று குழந்தைகளின் தாய். 1894 ஜூன் மாதம் சைக்கிளோடு உலகைச் சுற்றிவரக் கிளம்பினார். 'லண்டன்டெரி' என்ற ஊற்றுநீர் நிறுவனம் நூறு டாலர் கொடுத்தது. அதற்காக அதன் பெயர்ப்பலகையை வண்டியில் மாட்டிக்கொண்டதோடு, தம் பெயரையே ஆனி லண்டன்டெரி என்று மாற்றிக்கொண்டார். தொடங்கும்போது நீண்ட பாவாடையும் 42 பவுண்டு எடையுள்ள பெண்கள் வண்டியும் அவருடையவை. சிகாகோ சேர்வதற்குள் அலுத்துப்போய், அங்கு 21 பவுண்டு எடையுள்ள ஆண்கள் வண்டிக்கு மாறினார், உடையையும் மாற்றிக்கொண்டார். வழிநெடுக விளம்பரத்துணிகளைச் சட்டையில் தைத்துக்கொண்டு காசு ஈட்டினார். பெரும்பகுதியைக் கப்பலில் கடந்தார் என்பதும், சொன்ன கதைகளில் பாதி கட்டுக்கதை என்பதும் உண்மையே. ஆயினும் 1895 செப்டம்பரில் திரும்பி வந்துவிட்டார். முதலாளி எழுதிய விளம்பரத்தைத் தம் பிழைப்புக்குத் தக்கபடி வளைத்துக்கொண்ட அவ்வம்மையாரிடம் நமக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

1897ஐ ஒட்டிச் சைக்கிள் மோகம் தணிந்தது. சந்தையில் வண்டிகள் மிகுந்தன, விலை சரிந்தது, பல நிறுவனங்கள் மூடின. கிளாடியேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான தராக் மோட்டார் வண்டித் தொழிலுக்குப் போய்விட்டார். சுவரொட்டிகளோ வேறு வழியில் பிழைத்தன. அவற்றைத் திரட்டும் பித்து முன்பே பாரிசில் பரவியிருந்தது. பசை காயுமுன் இரவில் உரித்தெடுத்துச் சென்றவர்களும் உண்டு. எட்மோன் சகோ என்ற வணிகர் அவற்றை விலைப்பட்டியலிட்டு விற்றார். சிறந்த சுவரொட்டிகளைச் சிறிய அளவில் மறுபதிப்புச் செய்து, 1895 முதல் 1900 வரை 256 படங்கள் கொண்ட தொகுதி ஒன்றும் வெளியாயிற்று. மழையில் கரைந்து போகவேண்டிய தாள்கள் இவ்வாறு பெட்டிகளுக்குள் புகுந்து நம் காலம் வரை வந்தன. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கிளாடியேட்டர் மங்கையின் படத்தைப் புட்டியில் ஒட்டி விற்ற திராட்சை மதுவுக்குத் தடை விதித்தார்கள். மதுவைப் பற்றி முறையீடு இல்லை. படத்தில் ஆடை இல்லை என்பதே குற்றம். நூறாண்டு கழித்தும் அவள் அரசாங்கத்துக்குத் தொல்லை கொடுத்திருக்கிறாள்.

இனி எங்கள் அத்தை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றதை நேயர்களுள் பலர் அறிவீர்கள். அப்போது ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்கள் கற்கவேண்டும் என்று ஊக்கினார். பல்லாயிரம் பெண்கள் கற்றனர். அத்தையும் இரவுப்பள்ளிக்குச் சென்றவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஊர்ப்பள்ளியின் திடலில் அந்திவேளையில் பழகுவார். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவது சிறுவர்களாகிய எங்கள் வேலை. முன்கொசுவம் சங்கிலியில் சிக்கி எண்ணெய்க் கறையோடு கிழியும். டீக்கடை வாசலில் அமர்ந்திருந்தவர்கள் சொன்னவற்றை வானொலியில் சொல்லமுடியாது. பெண்கள் சைக்கிள் எங்கும் கிடைக்கவில்லை. வாடகைக்கு அகப்பட்டது குறுக்குக்கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளே. பழகிய பின் அக்குறுக்குக்கம்பியே நல்லது என்று கண்டுகொண்டார். பிள்ளையை அதன்மேல் அமர்த்திக்கொண்டு, பின்னால் காய்கறி மூட்டையைக் கட்டி, வாரச்சந்தைக்குத் தாமே போய்வரலாயினார். அதற்கு முன் சந்தைக்குப் போகவேண்டுமானால் மாமாவுக்காகவோ பேருந்துக்காகவோ காத்திருக்கவேண்டும்.

ஏறவும் மிதிக்கவும் விரைவில் வந்துவிட்டது. இறங்கத்தான் நெடுநாள் வரவில்லை. திடலின் ஓரத்தில் ஒரு புளியமரம் இருந்தது. அதை நோக்கி ஓட்டிவந்து, மரத்தைக் கட்டிப்பிடித்துத்தான் நிறுத்துவார். மரம் எட்டாத தொலைவில் இருந்தால் எங்கள் பெயரைச் சொல்லிக் கூவுவார். நாங்கள் ஓடிச்சென்று பிடிப்போம். பிடிக்கத் தவறிய நாளில் பெற்ற தழும்பு அவர் முழங்காலில் இன்றும் உண்டு.

அன்று காப்பிக்கடையில் எங்களுக்குத் தெரிந்த சிறிதளவைச் சொன்னோம். இது நூறாண்டுக்கு முந்திய பிரெஞ்சு விளம்பரம், வண்டி ஓடுவதைக் காட்ட வரைந்ததன்று, வாங்குவோர் மனத்தில் ஆசையை எழுப்ப வரைந்தது என்றோம். அத்தை தலையசைத்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மீண்டும் ஒருமுறை அப்படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அது சரிப்பா," என்றார், "இவ எப்படி இறங்குவா?"